குடை மூன்று, வாங்க வேண்டாம்

கட்டிலின் தலைப்பக்கம் வீட்டுக்குள் வந்துவிட்டது. கால்பக்கம் வெளியே நின்றது. கடையிலிருந்து வந்த ஆட்கள் இரண்டு பேரும், கதவு நிலைக்கும் கட்டிலுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட தம்பியைப் பார்த்தார்கள்.

"சார், நீங்க முதல்ல வெளிய வாங்க. அப்பத்தான் இது உள்ள போகும்."

"சத்தம் போடாதீங்கப்பா. அக்கா தூங்கறாங்க."

"தூங்கல," என்று உள்ளறையிலிருந்து குரல் வந்தது. "என்னடா வாங்கித் தொலைச்சே?"

தம்பி வயிற்றை எக்கிக்கொண்டு வெளியே வந்தான். ஐம்பத்து மூன்று வயது ஆள். வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் கணக்கெடுக்கிற வேலை. நாளொன்றுக்கு நூற்றைம்பது வாசல் ஏறி இறங்குவான்; அப்படியும் வீட்டுக்கு வந்து ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் உட்கார மாட்டான். அவனைவிட ஒன்பது வயது மூத்த அக்கா அவனுக்கு வைத்த பெயர் பம்பரம். அவளுக்கு அவன் இன்னும் 'டேய்'தான் என்பதால், நாமும் அவர் இவர் என்று மரியாதை கொடுத்து அவனைக் கூச்சப்படுத்த வேண்டாம்.

"ஒண்ணுமில்லக்கா. ஒரு கட்டில்."

"வீட்ல கட்டில் மூணு இருக்கு."

"இது ஆஸ்பத்திரிக் கட்டில்க்கா. தலைப்பக்கத்தை உசத்திக்கலாம். உனக்கு மூச்சு விட வசதியா..."

"யாரைக் கேட்டு வாங்கினே?"

அந்த வீட்டில் யாரையாவது கேட்பது என்றால் அக்காவைக் கேட்பது என்றுதான் அர்த்தம். கேட்டால் என்ன பதில் வரும் என்று தெரிந்ததால்தான் அவன் கேட்கவில்லை. முந்தாநாள் வேலைக்கு நடுவே கடைக்குப் போய்ச் சொல்லிவைத்துவிட்டு, திருட்டுத்தனமாகத் தேதி எண்ணிக்கொண்டிருந்தான்.

அக்காவுக்குக் கணையத்தில் புற்றுநோய். மூன்று வாரத்துக்கு முன்பு பெரிய டாக்டர், "இனிமே வீட்லயே வச்சுப் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டார். அதைச் சொல்லும்போது அவர் தன் பேனா மூடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இன்று காலை, நாலு வீடு தள்ளியிருக்கும் நர்ஸம்மா ஊசி போட வந்தவள், நாடி பிடித்துப் பார்த்துவிட்டு அவனைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள். "இன்னைக்கோ நாளைக்கோ. எங்கயும் போகாதீங்க. பக்கத்துலயே இருங்க" என்றாள். அவன் தலையை ஆட்டினான். ஆட்டிவிட்டு நேரே போய் மோட்டாரைப் போட்டான். தொட்டி ஏற்கனவே நிறைந்திருந்தது. தண்ணீர் வழிந்து பக்கத்து வீட்டுச் சுவர் நனைந்து, அந்த வீட்டுக்காரர் வந்து கத்திவிட்டுப் போனார். யாரோ ஒருவர் கத்தியது அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது.

அவன் அப்படித்தான். அப்பா போனபோது பதினேழு வயது. பார்த்த இடத்திலேயே மயங்கி விழுந்து நெற்றியில் நாலு தையல். செத்தவரை விட்டுவிட்டு இவனைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். அம்மா போனபோது, யாரும் சொல்லாமலே மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி கழுவிக்கொண்டிருந்தான். கீழேயிருந்து அக்கா மூன்று முறை கூப்பிட்டாள். மூன்று முறையும் "இதோ வர்றேன்" என்றான்.

கடை ஆட்கள் எப்படியோ கட்டிலைச் சாய்த்து நுழைத்து உள்ளறைக்குக் கொண்டுபோனார்கள். பழைய மரக்கட்டிலை வெளியே எடுத்தால்தான் இது நிற்கும். எடுத்தபின்னும் ஜன்னலை ஒட்டித்தான் இடம் இருந்தது. தம்பியே அக்காவைத் தூக்கினான். அலமாரியிலிருந்து ஒரு மடிப்புப் புடவையை எடுப்பதுபோல இருந்தது. வேகமாக இறக்கிவைத்துவிட்டுத் தலையணையைத் தட்டினான், போர்வையை இழுத்தான், மறுபடியும் தலையணையைத் தட்டினான்.

"அது செத்துப்போச்சு, விடு," என்றாள் அக்கா. தலையணையைத்தான் சொன்னாள். கடை ஆட்களில் ஒருவன் சிரித்துவிட்டு, சிரித்திருக்கக் கூடாதோ என்று வாயை மூடிக்கொண்டான்.

அவர்கள் போனதும் அக்கா கேட்டாள். "இன்னைக்கு என்ன தேதி?"

அவன் சொன்னான். சொன்னவுடன் ஏன் கேட்டாள் என்று புரிந்தது.

"நோட்டை எடு."

"இந்த வருஷம் வேணாம்க்கா."

"ஏன், இந்த வருஷம் பொருளெல்லாம் நடந்து போயிடுச்சா?"

அக்கா கல்லூரி ஒன்றில் ரசாயன ஆய்வுக்கூட உதவியாளராக முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவள். வருடத்துக்கு ஒருமுறை அங்கே இருப்பு எடுப்பார்கள். குடுவை எத்தனை, உடைந்தது எத்தனை, அடுத்த வருடம் என்ன வாங்க வேண்டும் என்று எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடமே, அது முடிந்த மறுநாள் வீட்டிலும் எடுக்க ஆரம்பித்தாள். நீள நோட்டு, நாலு கட்டம். பொருள், எண்ணிக்கை, நிலை. நாலாவது கட்டத்தில் மட்டும் கல்லூரி வழக்கத்தை மாற்றிவிட்டாள்: 'வாங்க வேண்டாம்.' வீட்டில் எது போதுமான அளவு இருக்கிறதோ அதற்கு நேராக அங்கே ஒரு டிக். டிக் விழுந்த பொருளை அடுத்த இருப்பு வரைக்கும் யாரும் வாங்கக் கூடாது. ஓய்வு பெற்ற பிறகும் அந்தத் தேதி தவறியதில்லை.

சித்தப்பா பிள்ளைகள், பெரியம்மா மகள் என்று உறவுக்காரர்கள் அந்த நோட்டைச் சொல்லிச் சிரிப்பார்கள். இரண்டு பேரும் ஏன் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை என்று யாராவது வாய்விட்டுக் கேட்டால், "வீட்ல ஏற்கனவே ரெண்டு பேர் இருக்கோம். போதும்னு டிக் போட்டாச்சு" என்பாள்.

தம்பி நோட்டோடு ஹாலுக்குப் போனான். அக்காவின் குரல் இப்போது ஹால் வரைக்கும் வராது. அதனால் எண்ணிவிட்டு, ஓடிவந்து சொல்லிவிட்டு, மறுபடி ஓட வேண்டியிருந்தது. அது அவனுக்கு வசதியாகப் போயிற்று.

"நாற்காலி அஞ்சு."

"நிலை?"

"ஒண்ணுக்குக் கால் ஆட்டம்."

"ஆடற நாற்காலியில நீதான் உக்காரப் போறதில்லையே. வாங்க வேண்டாம்."

ஓடினான். வந்தான். "டார்ச் லைட் ஆறு."

"எத்தனை எரியுது?"

"ஒண்ணு... தட்டினா எரியும்."

"ஆறையும் வாங்கினது யாரு?"

"எழுதிக்கறேன்க்கா. வாங்க வேண்டாம்."

"அதை ரெண்டு தடவை எழுது."

ஸ்குரூ டிரைவர் ஒன்பது, பூட்டு ஏழு, சாவி பதினெட்டு. எந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு என்பது பெரிய விவகாரம். கொடிக்கயிறு மூன்று சுருள். கதவுக்குப் பின்னால் குடை மூன்று, மூன்றும் கறுப்பு, ஒன்றுக்குக் கம்பி விலகியிருந்தது. வாங்க வேண்டாம். துவாலை பதினொன்று. பக்கெட் நாலு. சமையலறையில் கரண்டிகளை அவன் ஒருமுறை எண்ணினான், தட்டில் கொட்டி இன்னொருமுறை எண்ணினான், பிறகு ஒன்றை எடுத்து ஜன்னல்மேல் ஒளித்துவைத்துவிட்டு மூன்றாவது முறையாக எண்ணினான்.

இதை அவன் யோசித்துச் செய்யவில்லை. ஆனால் செய்தபிறகு அவனுக்கே விளங்கியது. நோட்டு முடியக் கூடாது. எடுத்த வேலையைப் பாதியில் விடுகிறவள் இல்லை அக்கா. எண்ண வேண்டியது மிச்சம் இருக்கிற வரைக்கும் அவள் இருப்பாள் என்று, படித்த மனிதன், மீட்டர் எண்ணை இருட்டிலும் தப்பில்லாமல் படிக்கிறவன், மனசார நம்பினான்.

"கரண்டி பதினஞ்சுக்கா."

"போன வருஷம் பதினாறு."

"ஒண்ணு எங்கயோ போயிருக்கும். எல்லா இடத்துலயும் தேடிப் பாக்கறேன்."

அக்கா அவனையே பார்த்தாள். கண் உள்ளே போயிருந்தாலும் பார்வை அப்படியே இருந்தது, கல்லூரிப் பிள்ளைகள் குடுவையை உடைத்துவிட்டு ஏற்கனவே கீறல் இருந்தது மேடம் என்று சொல்லும்போது பார்க்கிற பார்வை.

"இங்க வந்து உக்காரு. கரண்டி கிடக்கட்டும்."

"இதோ, மாடியை முடிச்சிட்டு..."

"மாடியில என்ன இருக்கு? தண்ணித் தொட்டி. அது ஒண்ணு."

அவன் நின்றான். உட்கார நாற்காலியை இழுத்தான், அது ஆடுகிற நாற்காலி, வேறொன்று எடுத்துவரப் போனான், வழியில் மாத்திரை டப்பா கண்ணில் பட்டது, அதைத் திருப்பி நேராக வைத்தான். திரும்பிவந்து நின்றான்.

"உனக்கு ஏதாவது வேணுமாக்கா?"

காலையிலிருந்து இதை முப்பது தடவை கேட்டிருப்பான். முப்பது தடவையும் பதில் ஒன்றே. அவனுக்குத் தன் அக்காவிடம் இருந்த ஒரே மனக்குறை இதுதான். அப்பா போனபின் அவனைப் படிக்கவைத்தவள். தனக்கென்று ஒரு பொருளை அவள் கேட்டு அவன் பார்த்ததில்லை. முதல் சம்பளத்தில் அவன் வாங்கிவந்த கைக்கடிகாரத்தை, "வீட்ல சுவர்க் கடிகாரம் இருக்கு, லேப்ல ஒண்ணு இருக்கு, வழியில மணி தெரிஞ்சு என்ன பண்ணப் போறேன்" என்று சொல்லித் திருப்பிக் கொடுக்கவைத்தாள். கோபமாகச் சொல்லவில்லை. நியாயமாகச் சொன்னாள், அதுதான் அவனுக்கு இன்னும் வலித்தது. போவதற்குள் ஒரே ஒரு தடவை, 'இது எனக்கு வேணும்டா' என்று அவள் வாயால் கேட்டுவிட வேண்டும், அதைத் தான் வாங்கிக்கொடுத்துவிட வேண்டும். கட்டிலும் அந்த ஆசையில் வந்ததுதான். ஆனால் கட்டிலை அவள் கேட்கவில்லையே.

"ஒண்ணும் வேணாம்," என்றாள் முப்பத்தோராவது தடவை.

மூன்று மணிக்கு நர்ஸம்மா மறுபடி வந்தாள். புதுக் கட்டிலைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள். அக்காவின் பாதத்தைத் தொட்டுப் பார்த்தாள். விரல் நகங்களைப் பார்த்தாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வழக்கமாக ஊசி போட்டுவிட்டு நின்றபடியே கிளம்புகிறவள் அவள்.

தம்பி வாசலுக்கும் அறைக்குமாக நடந்தான். ஜன்னல் திரையை இழுத்தான், விலக்கினான். மின்விசிறியைக் குறைத்தான், கூட்டினான்.

"டேய், பம்பரம்."

"என்னக்கா?"

"எனக்கு ஒரு குடை வேணும்."

அவனுக்குக் காது சரியாகக் கேட்டதா என்று சந்தேகம். "என்னது?"

"குடை. வாங்கிட்டு வா."

"குடை மூணு..." என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டான். ஆனால் அவள் காதில் விழுந்துவிட்டது.

"அது மூணும் உன் குடை. கறுப்பு. எனக்குன்னு ஒண்ணு வேணும். கத்தரிப்பூ நிறத்துல. மடக்குக் குடை வேணாம், நீளமா. கைப்பிடி மரத்துல இருக்கணும்."

இவ்வளவு பேசியதில் அவளுக்கு மூச்சு இரைத்தது. நர்ஸம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அக்கா போர்வைக்கு வெளியே கையை நீட்டி அவள் மணிக்கட்டின்மேல் வைத்தாள். நர்ஸம்மா வாயை மூடிக்கொண்டாள்.

"இப்பவே போறேன்க்கா. அரை மணியில வந்துடறேன்."

"அரை மணியில அவசரமா எதையாவது பிடிச்சுட்டு வராதே. நாலு கடை ஏறி இறங்கு. விரிச்சுப் பாத்து வாங்கு."

"சரிக்கா."

"தையல் பாரு. கம்பி பாரு."

"பாக்கறேன்க்கா!"

செருப்பை மாட்டும்போது இடது வலது மாறிப்போயிற்று. போன் சார்ஜரிலேயே கிடந்தது. தெருவில் அவன் நடந்தானா ஓடினானா என்று கேட்டால் அவனாலேயே சொல்லியிருக்க முடியாது. குடை கேட்டிருக்கிறாள்! குடை எதற்கு? வெளியே போக. வெளியே போக வேண்டுமென்றால் எழுந்து நிற்க வேண்டும். எழுந்து நிற்கிற எண்ணம் இருக்கிறது என்றால் நர்ஸம்மாவுக்கு என்ன தெரியும், அவள் என்ன டாக்டரா? பெரிய டாக்டருக்குத்தான் என்ன தெரியும், பேனா மூடியைப் பார்த்துக்கொண்டு பேசுகிறவருக்கு? பாதி வழியில் தெரிந்தவர் ஒருவர் "அக்காவுக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டார். "பரவால்ல! குடை வாங்கப் போறேன்!" என்று சொல்லிவிட்டு நிற்காமல் போனான். அவர் வானத்தை அண்ணாந்து பார்த்தார். சுத்தமாக இருந்தது.

முதல் கடையில் நீளக் குடையே இல்லை. இரண்டாவதில் இருந்தது, கைப்பிடி பிளாஸ்டிக். மூன்றாவது கடைக்காரர் பொறுமைசாலி. ஒவ்வொன்றாக எடுத்துக்கொடுத்தார். தம்பி ஒவ்வொன்றையும் விரித்து, கடை வாசலில் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, தையல் பார்த்தான், கம்பி பார்த்தான்.

"வீட்டம்மாவுக்கா சார்?"

"அக்காவுக்கு. எங்கக்காவுக்கு. அவங்களே கேட்டாங்க."

"ஊதா இருக்கு பாருங்க."

"ஊதா இல்லீங்க. கத்தரிப்பூ. கொஞ்சம் வெளுத்தாப்ல இருக்கும்."

"கண்டிப்பானவங்க போல."

"அய்யோ, ரொம்ப!" என்று சொல்லி வாய்விட்டுச் சிரித்தான். மூன்று வாரத்தில் அவன் சிரித்த முதல் சிரிப்பு அது. அந்தக் கடையில் கிடைக்கவில்லை. நாலாவது கடையில், அலமாரியின் உச்சியில், தூசி படிந்த உறைக்குள் இருந்தது. சரியான கத்தரிப்பூ நிறம். மரக் கைப்பிடி, வளைவில் மெருகு. அவன் அதை மூன்று முறை விரித்து மூன்று முறை மடக்கினான். உறை வேண்டாம் என்று சொல்லிவிட்டு அப்படியே கையில் எடுத்துக்கொண்டான். மணி ஐந்தாகியிருந்தது.

நர்ஸம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

தெருமுனை திரும்பியபோதே தெரிந்துவிட்டது. தம்பியின் கால் நிற்கவில்லை, வேகம் கூடியது. அவள் வாயைத் திறப்பதற்குள் இவன் பேச ஆரம்பித்தான்.

"கிடைச்சுடுச்சு நர்ஸம்மா. நாலாவது கடையில. நிறத்தைப் பாருங்க, சொன்ன மாதிரியே. மத்த கடையிலெல்லாம் ஊதாவை எடுத்து எடுத்துக் காட்டறான்..." குடையை அவள் முகத்துக்கு முன்னால் விரித்தான். விரித்த குடைக்கு இந்தப் பக்கம் அவன் நின்றான், அந்தப் பக்கம் அவள் நின்றாள்.

"நாலு மணிக்குங்க," என்றாள் குடைக்குப் பின்னாலிருந்து. "கஷ்டப்படல."

அவன் குடையை மடக்கினான். வீட்டுக்குள் போனான். உள்ளறைப் பக்கம் திரும்பாமல் நேரே சமையலறைக்குப் போனான். அங்கே செய்ய ஒன்றும் இல்லை. பின்கதவைத் திறந்தான், மூடினான். மொட்டை மாடிப் படியில் மூன்று படி ஏறினான். நாலாவது படியில் கால் வைத்தபோது, அக்கா எண்ணிக்கையில் தப்புப் பண்ணுகிறவள் இல்லை என்பது அவனுக்கு உறைத்தது. எத்தனை குடை என்று அவளுக்குத் தெரியும். எத்தனை கடை ஏறினால் எவ்வளவு நேரம் ஆகும் என்றும் தெரியும். அவனைப் பற்றி அவளுக்குத் தெரியாதது என்ன இருக்கிறது?

அவன் இறங்கிவந்தான். அறை வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். மயக்கம் வரும் என்று எதிர்பார்த்தான். வரவில்லை.

அக்கா சாய்ந்து உட்கார்ந்தவாக்கில் இருந்தாள். கட்டிலின் தலைப்பக்கம் உயர்ந்திருந்தது. முகம் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தது. நர்ஸம்மா அவள் கண்களை மூடிவிட்டிருந்தாள்.

"என்னைக் கேட்டாங்களா?"

"இல்ல."

"போன் பண்ணியிருக்கலாமே நர்ஸம்மா."

"பண்ணட்டுமான்னு கேட்டேன். வேணாம்னுட்டாங்க. உங்க போனும் இங்கதான் கிடந்துச்சு." அவள் தன் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டாள். "நீங்க செருப்பு மாட்டும்போதே கட்டிலை உசத்தச் சொன்னாங்க. இதை எப்படிச் சுத்தறதுன்னு எனக்குப் புரியல, அவங்கதான் கால்மாட்டுல கைப்பிடி இருக்கும் பாருன்னாங்க. சுத்தச் சுத்த எண்ணிட்டே வந்தாங்க. பதினொண்ணுல போதும்னாங்க. நீங்க தெருமுனை திரும்பற வரைக்கும் பாத்துட்டு இருந்தாங்க. அப்புறமும் அந்தப் பக்கமேதான் பாத்துட்டு இருந்தாங்க."

அவன் குடையைக் கட்டில் ஓரமாகச் சாய்த்துவைத்தான்.

"இப்ப இறக்கிப் படுக்க வைக்கணுங்க. நேரமாச்சுன்னா உடம்பு அப்படியே விறைச்சுடும். நீங்க வேணா கொஞ்சம் வெளிய இருங்க, நான் பாத்துக்கறேன்."

"இருக்கேன்," என்றான்.

ஸ்டூலைத் தலைமாட்டுக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். உட்கார்ந்து, அக்காவின் தலையணையில், அவள் தலையை ஒட்டித் தன் தலையையும் வைத்தான். அங்கிருந்து ஜன்னல் வழியாகத் தெருமுனை வரைக்கும் தெரிந்தது. அவன் சற்று முன் ஓடிய தெரு. முனையில் ஒரு சைக்கிள் சாய்த்து வைத்திருந்தது, ஒரு பெண் காய்கறிப் பையைக் கைமாற்றிக்கொண்டு திரும்பினாள்.

நர்ஸம்மா கால்மாட்டில் குனிந்து கைப்பிடியைச் சுற்றினாள். கட்டில் கிரீச்சிட்டது. இரண்டு பேர் தலையும் சேர்ந்து கீழே இறங்கியது. நாலாவது சுற்றில் தெருமுனை மறைந்தது. ஆறாவதில் எதிர்வரிசை வீட்டு வாசல்கள் போயின. ஒன்பதாவதில் அவர்கள் வீட்டு மதிலின் மேல்விளிம்பு மட்டும் மிஞ்சியது.

"போதுமாங்க?" என்று கேட்டாள் நர்ஸம்மா.

"இன்னும் ரெண்டு சுத்து இருக்கு," என்றான் தம்பி.